மேல்சபையில் யாருக்கு நாற்காலி?

ஆந்திர சட்ட மேல்சபை ஒருமுறை பிறந்து, செத்து, மறுபடி பிறந்து, மறுபடியும் சாவின் வாசல்வரை போய்ப் பிழைத்து வந்த சபை. 1958 ஜூலை முதல் தேதி தொடங்கிற்று. என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது 1985 ஜூன் முதல் தேதி மூடப்பட்டது. ராஜசேகர ரெட்டி ஆட்சியில் 2007-ல் திரும்பத் திறக்கப்பட்டது. அவர் மகன் ஜெகன்மோகன் ரெட்டியின் அரசு 2020 ஜனவரி 27-ஆம் தேதி, இந்தச் சபை வேண்டாம் என்று சட்டசபையில் தீர்மானம் போட்டது. அதே அரசு 2021 நவம்பரில், வேண்டும், இருக்கட்டும் என்று அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தகப்பன் கட்டியதை மகன் இடிக்கப் போய், பிறகு தானே சுண்ணாம்பு அடித்த கதை.

இதெல்லாம் அமராவதி விவகாரம். தடாவில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மேல்சபை என்பது மற்ற சபைகளைப் போன்றதல்ல. சட்டசபைக்கு ஊரில் ஓட்டுள்ள அனைவரும் ஆள் அனுப்புகிறார்கள். மேல்சபைக்கு மட்டும், இன்னின்ன வகையாருக்கு இத்தனை இடம் என்று அரசியல் சட்டமே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்று பார்த்தாலே, இந்த நாடு யாரை மதித்தது, யாரை மறந்தது என்பது தெரிந்துவிடும். அந்தப் பங்குப் பட்டியலை நம் குடும்பங்கள் ஒருமுறையாவது படித்துப் பார்க்க வேண்டும்.

ஆந்திர மேல்சபையில் இப்போது 58 இடங்கள். அதில் 20 பேரைச் சட்டசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்னும் 20 பேரை உள்ளாட்சி மன்றத்தார் தேர்ந்தெடுக்கிறார்கள். 5 பேரைப் பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கிறார்கள். 5 பேரை ஆசிரியர்கள். மீதி 8 பேரைக் கவர்னர் நியமிக்கிறார். கவர்னர் என்று ஏட்டில் இருக்கிறதே தவிர, பெயரை எழுதிக் கொடுப்பது மந்திரிசபைதான்.

கூட்டிப் பாருங்கள். எம்.எல்.ஏ.க்கள் வழியாக 20, உள்ளாட்சிக்காரர்கள் வழியாக 20, நியமனம் 8. ஆக 48 நாற்காலிகள் கட்சித் தலைமை கைகாட்டும் ஆளுக்குப் போகின்றன. பொதுமக்களில் ஒரு பகுதியாவது நேரே ஓட்டுப் போட்டு நிரப்புவது பத்தே பத்து இடம். அந்தப் பத்தும் படித்தவர்களுக்கும் படிப்பிப்பவர்களுக்கும். சுமை தூக்குகிறவனுக்கு, மிஷின் ஓட்டுகிறவளுக்கு, சித்தாள் வேலைக்குப் போகிறவளுக்கு என்று ஒரு நாற்காலியும் கிடையாது.

அந்தப் பத்திலும் ஒரு சூது இருக்கிறது. ஆசிரியர் தொகுதி என்றால் எல்லா ஆசிரியர்களுக்கும் ஓட்டு என்று நினைத்துவிடாதீர்கள். உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத பள்ளியில் மூன்றாண்டு பாடம் சொன்னவருக்குத்தான் ஓட்டு. நம் பிள்ளைக்கு ‘அ’ எழுதக் கைபிடித்துக் கொடுத்த ஆரம்பப் பள்ளி ஆசிரியைக்கு அந்தத் தொகுதியில் ஓட்டில்லை. உள்ளாட்சித் தொகுதியும் அப்படித்தான். ஆந்திராவில் ஜில்லா பரிஷத், மண்டல பரிஷத் உறுப்பினர்களும் நகரசபைக்காரர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். தண்ணீர்க் குழாய் உடைந்தால் நாம் தேடிப் போகும் கிராமப் பஞ்சாயத்து வார்டு உறுப்பினருக்கு ஓட்டில்லை. பக்கத்துக் கர்நாடகத்தில் கிராமப் பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் அந்த ஓட்டு உண்டு. அங்கே கொடுத்தால் வானம் இடிந்து விழவில்லை. இங்கே கொடுத்தால் மட்டும் விழுந்துவிடுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தடா அடங்கிய சூளூர்பேட்டை தனித்தொகுதி. பக்கத்துச் சத்தியவேடு தனித்தொகுதி. திருப்பதி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சட்டசபையிலும் மக்களவையிலும் ஒதுக்கீடு இருப்பதால்தான் இப்படி. அதே அரசியல் சட்டம் மேல்சபைகளில் அவர்களுக்கு ஓர் இடத்தையும் ஒதுக்கவில்லை. டெல்லி ராஜ்ய சபையிலும் இல்லை, மாநில மேல்சபையிலும் இல்லை. 2023-ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்களே, அதுவும் மக்களவைக்கும் சட்டசபைகளுக்கும்தான். மேல்சபையின் வாசற்படியில் வந்ததும் சமூக நீதி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது.

எதற்காக மூடினார்கள், எதற்காகத் திறந்தார்கள்?

இத்தனை குறைகள் உள்ள சபையைத் திருத்தலாம் என்று எந்தக் கட்சியாவது சொன்னதா? இல்லை. ஒரு கட்சி ஒழிப்போம் என்கிறது, மறு கட்சி மீட்போம் என்கிறது. காரணம் எளிது. என்.டி.ஆர். 1983-ல் பெரும் வெற்றியோடு ஆட்சிக்கு வந்தபோது மேல்சபையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை. புது ஆட்சியின் வண்டிக்கு முன்னால் பழைய கட்டை கிடந்தது. கட்டையை எடுத்துப் போட்டார். ஜெகன்மோகன் ரெட்டிக்கும் அதே நிலைமை. மூன்று தலைநகர் மசோதா மேல்சபைக்கு வந்தது. அங்கே தெலுகு தேசத்துக்குப் பெரும்பான்மை. 2020 ஜனவரி 22-ஆம் தேதி சபைத் தலைவர் ஷெரீப், மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புவதாக அறிவித்தார். ஐந்தாம் நாள் ஒழிப்புத் தீர்மானம் வந்துவிட்டது. பிறகு பழைய உறுப்பினர்கள் ஓய்வு பெற, புது இடங்கள் ஆளுங்கட்சிக்கு வர, 2021-ல் பெரும்பான்மை கைமாறிற்று. கட்டை இப்போது நம்முடைய கட்டை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக் கதையும் உங்களுக்குத் தெரிந்ததுதான். நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை மேல்சபைக்குக் கொண்டுவர எம்.ஜி.ஆர். விரும்பினார். அவர் நீதிமன்றத்தால் திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டிருந்த விவரம் வெளியே வந்து, சிக்கலாகி, அவர் விலகிக்கொண்டார். அந்த 1986 மே மாதமே மேல்சபையை ஒழிக்கச் சட்டசபையில் தீர்மானம் வந்தது. நவம்பர் முதல் தேதி மேல்சபை போயே போய்விட்டது. அப்போது கருணாநிதி மேல்சபை உறுப்பினர் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு 2010-ல் கருணாநிதி முதல்வராக இருந்து அதை மீட்கத் தீர்மானம் கொண்டுவந்து, நாடாளுமன்றச் சட்டமும் வாங்கினார். சபை கூடுவதற்குள் ஆட்சி மாறி, 2011-ல் ஜெயலலிதா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தார். மேல்சபை இருப்பதா போவதா என்பது கட்சிக் கணக்கு. தமிழ்நாட்டிலும் அதே, ஆந்திராவிலும் அதே.

ஆனால் அன்று மூடப்பட்ட அந்தத் தமிழ்நாட்டு மேல்சபையின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? ம.பொ. சிவஞானம். எல்லையோரத்தில் வாழும் நமக்கு அவரைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளியில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளியாக வேலை பார்த்தவர். திருத்தணிக்காக வடக்கெல்லைப் போராட்டம் நடத்திச் சிறை சென்றவர். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகச் சத்தியவேடு வட்டாரத்துக் கிராமங்கள் பல ஆந்திராவோடு சேர்ந்தன. அந்த மாற்றத்தின் மேல்தான் இன்று நம்மில் பலர் குடியிருக்கிறோம்.

ம.பொ.சி.யைப் போன்ற ஒருவர் பட்டதாரித் தொகுதியில் ஓட்டுப் போடக்கூட முடியாது. ஆனாலும் அந்தச் சபைக்கே தலைவரானார். ஒரு தொழிலாளி மேல்சபையில் உட்கார்ந்தால் சபை கெட்டுப்போகாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அவர் போனது தனி மனிதராக, தம் புகழால். ஒரு வர்க்கத்துக்கு உரிமையாக அந்த இடம் கிடைக்கவில்லை. அவருக்குப் பின் இன்னொரு அச்சுத் தொழிலாளி வருவதற்குச் சட்டத்தில் வழி எதுவும் இல்லை.

மேல்சபையின் புழக்கடைக் கதவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியைக் கவர்னர் மேல்சபைக்கு நியமித்தார்; அவர் முதல்வரானார். மக்கள் முன்னால் போகாமலே கோட்டைக்குப் போகலாம் என்று அன்றைக்குக் காட்டிய வழி அது. இலக்கியத்துக்கும் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும் கூட்டுறவுக்கும் சமூக சேவைக்கும் என்று எழுதி வைத்த நியமனக் கதவு வழியாக முதல் ஆளாகப் போனது ராஜ்ய பாரம்.

அன்று தடாவும் சென்னை மாகாணம்

சுதந்திரத்துக்கு முன் தடாவும் நெல்லூரும் சித்தூரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தன. 1935-ஆம் வருஷச் சட்டப்படி மாகாணச் சட்டசபையில் 215 இடங்கள். அதில் நிலச்சுவான்தார்களுக்கு 6, வர்த்தகத்துக்கும் தொழில் அதிபர்களுக்கும் 6, தொழிலாளர்களுக்கும் 6. வெள்ளைக்காரன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. அவன் மக்களைக் கூறு போட்டு ஆண்டவன். அப்போது பெரும்பாலான ஏழைகளுக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும், ஆலையிலும் ரயில்வேயிலும் வேலை செய்கிறவர்களுக்கு என்று ஆறு இடம் ஒதுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றியிருக்கிறது, தொழிற்சங்கங்கள் தோன்ற வைத்திருக்கின்றன.

சுதந்திரம் வந்தது. எல்லாருக்கும் ஓட்டு வந்தது. இனி இந்த வகை வகையான தனி இடங்கள் எதற்கு என்று எடுத்துவிட்டார்கள். சரியான முடிவு. நிலச்சுவான்தார் போனான், வியாபாரி போனான், தொழிலாளியும் போனான். ஆனால் பட்டதாரி மட்டும் போகவில்லை! மேல்சபை மாடியில் பட்டதாரிக்கும் உயர்நிலைப்பள்ளி ஆசிரியருக்கும் தனி அறை கட்டிக் கொடுத்தார்கள். எழுத்தறிவு குறைந்திருந்த அந்த நாளில் படித்தவன் சொல் சபையேற வேண்டும் என்று எண்ணியிருக்கலாம். இன்று வீதிக்கு நாலு பட்டதாரி இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் நம்மோடுதான் கம்பெனியில் நட்டு முடுக்குகிறார்கள். பட்டத்துக்குக் கொடுத்த மரியாதையை வியர்வைக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

இதற்கு ஒரு பதில் சொல்வார்கள். தொழிலாளிக்குத்தான் சட்டசபைக்கு ஓட்டு இருக்கிறதே, மேலே தனி இடம் எதற்கு என்பார்கள். உள்ளூர்த் தொழிலாளிக்கு அது ஓரளவு பொருந்தும். நமக்கு?

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் பக்கத்துக் கிராமம். தகப்பன் தடாவில் லாரி லோடு ஏற்றுகிறார். தாய் தின்பண்டக் கம்பெனியில் பெட்டி அடுக்குகிறாள். மகள் பி.காம். முடித்துவிட்டு ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்களைப் பொருத்துகிறாள். ஓட்டு ஊரில் இருக்கிறது. தேர்தல் நாளில் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் சார்ஜ் கொடுத்துப் போனால் ஓட்டு, இல்லையென்றால் இல்லை. ஊர் எம்.எல்.ஏ.வுக்குத் தடாவில் என்ன அதிகாரம்? இங்கே விபத்து நடந்தால், காண்டிராக்டர் பி.எஃப். கட்டாமல் ஏமாற்றினால் அவரால் ஆந்திர சட்டசபையில் கேள்வி கேட்க முடியாது. இங்குள்ள எம்.எல்.ஏ. கேட்கலாம், ஆனால் ஓட்டில்லாதவனுக்காக யார் தொண்டை வறளக் கத்துவார்கள்? ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம், சட்டம் தடுக்கவில்லை. மாற்றினால் ஊரில் போய்விடும். ஒருவனுக்கு ஓர் இடத்தில்தான் ஓட்டு. வயதான பெற்றோரும் அரைக்காணி நிலமும் அங்கே இருக்கையில் எத்தனை பேர் துணிவார்கள்?

தேர்தல் கமிஷனும் இதை அறியாமல் இல்லை. வெளியூரில் பிழைப்பவன் இருக்கும் இடத்திலிருந்தே தன் ஊர்த் தொகுதிக்கு ஓட்டுப் போட ஒரு மிஷின் செய்து, ஒரே மிஷினில் 72 தொகுதிகளைக் கையாளலாம் என்று 2022 டிசம்பரில் அறிவித்தது. 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூட்டிக் காட்டியபோது எதிர்க்கட்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. அது நடந்தாலும் ஊர்ப் பிரதிநிதிக்குத்தான் ஓட்டு. உழைக்கும் இடத்தில் நமக்குக் குரல் இல்லை என்ற குறை தீராது.

அந்த இடத்தில்தான் மேல்சபை பயன்பட முடியும். தொகுதி எல்லையையும் ஊர் எல்லையையும் தாண்டி ஒரு வகையாருக்கு இடம் தரக்கூடிய சபை அது ஒன்றுதான். உறுப்பினருக்கு ஓட்டு யார் போடலாம் என்பதை வசிப்பிடத்தை வைத்து மட்டும் தீர்மானிக்காமல், வேலை செய்யும் இடத்தை வைத்தும் தீர்மானிக்கலாம். ஆந்திராவில் இத்தனை மாதம் வேலை பார்த்தவர், பி.எஃப். பட்டியலிலோ, இ.எஸ்.ஐ. பட்டியலிலோ, கட்டடத் தொழிலாளர் வாரியத்திலோ, இ-ஷ்ரம் பதிவிலோ பெயர் உள்ளவர், எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் தொழிலாளர் தொகுதியில் ஓட்டுப் போடலாம் என்று வைத்தால் என்ன? பட்டியல் இல்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. 2021-ல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் மட்டும் நாடு முழுவதும் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

தமிழனுக்கு மட்டும் கேட்கவில்லை. ஸ்ரீசிட்டியில் ரயில் பெட்டி செய்கிறவர்களிலும் ஏ.சி. மிஷின் செய்கிறவர்களிலும் ஒடியாக்காரர் இருக்கிறார், பீகார்க்காரர் இருக்கிறார், சொந்த மண்ணிலேயே மாவட்டம் விட்டு மாவட்டம் வந்த தெலுங்குச் சகோதரர் இருக்கிறார். அவர்கள் எல்லாருக்குமான நாற்காலி அது.

நடக்கிற காரியமா? அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமே என்பீர்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை. மேல்சபையின் பங்கீட்டைச் சொல்கிற 171-ஆவது பிரிவைப் படித்தால், நாடாளுமன்றம் சட்டம் செய்து வேறுவிதமாக ஏற்பாடு செய்கிறவரை இப்படி இருக்கட்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அதாவது இது தற்காலிக ஏற்பாடு. ஒரு சாதாரணச் சட்டம் போதும், அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை. பஞ்சாயத்து வார்டு உறுப்பினருக்கு ஓட்டுக் கொடுப்பதற்கும் 1950-ஆம் வருஷ மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தால் போதும். எழுபத்தைந்து வருஷமாக எந்தக் கட்சி ஆண்டாலும் அந்தப் பங்கீட்டில் கை வைக்கவில்லை. ஒழிக்க நேரம் கிடைத்தது, மீட்க நேரம் கிடைத்தது, திருத்த மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

வசிப்பிடம் என்ற விஷயத்தில் பெரிய மனிதர்களுக்கு என்ன சலுகை தந்தார்கள் என்பதையும் பாருங்கள். ராஜ்ய சபைக்கு ஒரு மாநிலத்திலிருந்து போக வேண்டுமானால் அந்த மாநிலத்தில் ஓட்டு இருக்க வேண்டும் என்று முன்பு விதி. தலைவர்கள் பலருக்கு அது இடைஞ்சலாக இருந்தது. 2003-ல் விதியையே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் எங்கே ஓட்டிருந்தாலும் எந்த மாநிலத்திலிருந்தும் போகலாம். உச்ச நீதிமன்றமும் 2006-ல் அது சரியென்று தீர்ப்பளித்தது. ஆனால் ஆந்திர மேல்சபைக்குத் தேர்தலில் நிற்க ஆந்திராவில் ஓட்டிருந்தே ஆக வேண்டும். டெல்லிக்குப் போகிறவருக்கு வசிப்பிடம் வேண்டாம். தடாவில் இருபது வருஷம் மூட்டை தூக்கியவருக்கு வேண்டும். நாம் கேட்பது, தலைவர்களுக்கு 2003-ல் கொடுத்ததில் கால் பங்கு.

வெளியே பார்த்தால்

உழைப்பாளிக்கு மேல்சபையில் இடம் தந்த நாடு ஒன்று உண்டு. அயர்லாந்து செனட்டில் 60 பேர். அதில் 11 பேர் தொழிலாளர் குழு என்ற பெயரில் வருகிறார்கள். நம் ராஜ்ய சபை நியமன முறையே அயர்லாந்தைப் பார்த்து எழுதியதுதான். தொழிலாளர் குழுவை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்கள். அயர்லாந்துக்காரர்கள் 2013-ல் செனட்டை ஒழிக்கலாமா என்று மக்களிடமே ஓட்டுக் கேட்டார்கள். மயிரிழையில் செனட் தப்பித்தது. ஆனால் அங்கும் ஒரு கோளாறு: தொழிலாளர் குழுவுக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் தொழிலாளர்கள் அல்ல, கவுன்சிலர்களும் எம்.பி.க்களும். பெயர் தொழிலாளி, ஆள் கட்சிக்காரர். நாம் கேட்கும்போது இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும்: நாற்காலி மட்டும் போதாது, ஓட்டும் நம் கையில் வேண்டும்.

ஓட்டு நம் கையில் இல்லாத மேல்சபை எதற்கும் உதவாது என்பதற்கு இலங்கையைவிடக் கசப்பான பாடம் கிடையாது. சோல்பரி அரசியல் சட்டத்தில் 30 பேர் கொண்ட செனட் வைத்தார்கள். 15 பேரைக் கீழ்ச்சபை தேர்ந்தெடுக்கும், 15 பேரை கவர்னர் ஜெனரல் நியமிப்பார். அவசரச் சட்டங்களுக்கு அது கடிவாளம் என்றார்கள். 1948-ல் மலையகத் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1956-ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. இரண்டும் செனட்டைத் தாண்டித்தான் போயின. கடிவாளம் பிடிக்க வேண்டியவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். 1971-ல் அந்தச் செனட்டையே எடுத்தபோது தோட்டத்தில் கொழுந்து பறித்தவளுக்கு ஒரு நட்டமும் இல்லை.

மலேசியாவில் செனட் இருக்கிறது. 70 பேரில் 44 பேர் நியமனம். தமிழர் தலைவர்களுக்குச் செனட்டர் பதவி கிடைக்கும், அதன் வழியாக மந்திரியும் ஆவார்கள். நல்லதுதான், இல்லாததற்கு அது மேல். ஆனால் கொடுத்தவர் கையில் இருக்கிறது அந்தப் பதவி. இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. பிறப்பால் வந்த பிரபுக்களை 1999-ல் வெளியே அனுப்பியபோதுகூட 92 பேரை விட்டு வைத்தார்கள். தாத்தா குதிரை ஏறினார் என்பதற்காகப் பேரன் சட்டம் செய்த கூத்து.

இவ்வளவு குறை சொல்கிறாயே, பேசாமல் ஒழித்துவிடலாமே என்று நம் தோழர்கள் சிலர் வாதாடுகிறார்கள். நான் அவர்களோடு பாதி வழி வருகிறேன். ஆந்திர மேல்சபையின் அதிகாரம் பெரிதல்ல. பண மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மற்ற மசோதாவை முதல் தடவை மூன்று மாதம், இரண்டாம் தடவை ஒரு மாதம் தாமதப்படுத்தலாம். தடுக்க முடியாது. மூன்று தலைநகர் மசோதாவே சட்டசபையில் இரண்டாம் தடவை நிறைவேறி, 2020 ஜூலை கடைசியில் கவர்னர் கையெழுத்தோடு சட்டமாயிற்று. பிறகு 2021-ல் அரசே அதைத் திரும்பப் பெற்றது வேறு கதை.

ஆனால் அதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளை எல்லாம் இங்கிலீஷ் மீடியமாக்கும் கல்வி மசோதா வந்தபோது, எந்த மொழியில் படிப்பது என்பதை மாணவர் தேர்ந்தெடுக்க வழி வேண்டும் என்று மேல்சபை திருத்தம் சொன்னது. சட்டசபை ஏற்கவில்லை. 2020 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. தீர்த்து வைத்தது கோர்ட்டுதான், மேல்சபையல்ல. என்றாலும் தாய்மொழி என்ற பேச்சு ஒரு சபையின் ஏட்டில் ஏறியது. அன்று பேசியவர்கள் தெலுங்கை நினைத்துப் பேசினார்கள், அது அவர்கள் கடமை. சித்தூர் எல்லையில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல அங்கே ஒருவர் இருந்திருந்தால்? 2023 மார்ச்சில் மூன்று பட்டதாரித் தொகுதிகளிலும் ஆளுங்கட்சி தோற்றது. அதில் நம் பகுதி அடங்கிய பிரகாசம்–நெல்லூர்–சித்தூர் தொகுதியும் ஒன்று. மறு வருஷம் ஆட்சியே போயிற்று. மக்கள் நேரே ஓட்டுப் போடுகிற அந்தச் சில இடங்களில்தான் மேல்சபைக்கு உயிர் இருக்கிறது என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது. உயிருள்ள பங்கைப் பெரிதாக்க வேண்டும், நியமனத்தையும் முகாமில் அடைத்துவைத்து ஓட்டு வாங்கும் உள்ளாட்சித் தேர்தலையும் சுருக்க வேண்டும்.

அதைச் செய்ய மாட்டோம், 58 நாற்காலியும் கட்சிக்காரர்களின் ஓய்வு மண்டபமாகவே இருக்கும் என்றால், ஒழிக்கிற கட்சியோடு நாமும் சேர்ந்துகொள்வதில் தவறில்லை. வேலை செய்யாத நாற்காலிக்கும் நம் உழைப்பிலிருந்து போகும் வரிதான் சம்பளம்.

கேட்பது டெல்லியில், அதற்கு நாளாகும். அதுவரை கையில் உள்ளதை விட்டுவிடக் கூடாது. நம் வீடுகளில் பட்டதாரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டதாரித் தொகுதியில் ஓட்டுப் போட ஆந்திரப் பல்கலைக்கழகப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. சென்னையிலோ வேலூரிலோ திருச்சியிலோ படித்திருந்தாலும், இந்தியாவில் எந்தப் பல்கலைக்கழகமானாலும் செல்லும். பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும். அந்தத் தொகுதியில் வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். விண்ணப்பம் 18-ஆம் எண் படிவம். உயர்நிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கு 19-ஆம் எண். சட்டசபைப் பட்டியலைப் போல இது வருஷா வருஷம் தொடர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் நவம்பர் முதல் தேதியைக் கணக்காக வைத்துப் புதிதாக எழுதுவார்கள். போன தடவை பெயர் இருந்தது என்று சும்மா இருந்தால் இந்தத் தடவை இருக்காது. 2023-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவரின் ஆறாண்டு 2029-ல் முடிகிறது. ஆகவே 2028 கடைசியில் பட்டியல் தொடங்கும்போது, தடாவிலும் சூளூர்பேட்டையிலும் சத்தியவேட்டிலும் உள்ள நம் பெண்பிள்ளைகளும் பையன்களும் பட்டச் சான்றிதழின் நகலோடும் வாடகை வீட்டு ரசீதோடும் மண்டல அலுவலகத்துக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் ரசீது தர மறுப்பார். இப்போதிருந்தே கேட்டு வாங்கி வையுங்கள்.